பனியன் கம்பெனியில் வேலை போய்விட்டால்: வர வேண்டிய பணத்தைப் பெறும் வழி

சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, “ஆர்டர் இல்லை, திங்கட்கிழமை வர வேண்டாம்” என்று சொல்லப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருப்பூரில் தைப்பவரோ, சோமனூரில் தறி ஓட்டுபவரோ, கோவையில் பம்ப் மோட்டார் பூட்டுபவரோ, யாராக இருந்தாலும் இது பொருந்தும்.

மலிவான வெளிநாட்டுத் துணியைத் தடுக்க, 2024 மார்ச்சில் சில செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு வைத்தது. 2025 மே மாதம் வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதையும் நிறுத்தியது. இவை கம்பெனியைக் காக்க எடுத்த நடவடிக்கைகள். ஏற்கெனவே வேலை இழந்தவருக்கு இவற்றால் ஒரு ரூபாயும் வராது. இறக்குமதியால் வேலை போனவர்களுக்கென்றே அமெரிக்காவில் 1962-இல் ஒரு திட்டம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் அங்கும் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுவிட்டது. நம் நாட்டில் அப்படித் தனித் திட்டம் இல்லை. மூடிய பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக 1986-இல் தொடங்கிய மறுவாழ்வு நிதியும் 2017-இல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டம் ஒன்றோடு இணைக்கப்பட்டது. ஆகவே நாம் நாலைந்து இடங்களில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதல் வேலை: கையெழுத்துப் போடாதீர்கள்

என் சித்தப்பா பதினோரு ஆண்டுகள் ஓவர்லாக் தைத்தவர். “கணக்கு முடிக்க” என்று நீட்டிய தாளில் கையெழுத்திட்டு வந்தார். “சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்” என்று அதில் எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் வாசித்துச் சொன்னோம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் கிடைத்தது. ஆட்குறைப்பு இழப்பீடு போயே போய்விட்டது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

ராஜினாமா என்ற சொல் இருக்கும் எந்தத் தாளையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆட்குறைப்பு அல்லது மூடல் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், “இன்ன தேதி முதல் எனக்கு வேலை மறுக்கப்படுகிறது, நான் ராஜினாமா செய்யவில்லை” என்று நீங்களே கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது: கணக்குப் போடுங்கள்

ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓராண்டுப் பணி. அப்படி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் ஆட்குறைப்பு இழப்பீடு. ஒரு மாத முன்னறிவிப்பு தராவிட்டால் ஒரு மாதச் சம்பளமும் சேரும். ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை தனி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய், எட்டு ஆண்டுப் பணி என்றால், 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 8-ஆலும் பெருக்குங்கள்: 69,231 ரூபாய். இது பணிக்கொடை மட்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி ஒன்றை மட்டும் கொடுப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி (வேறு தொழில் கற்க உதவும் நிதி) என்று ஒன்று உண்டு. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு மேலும் 15 நாள் சம்பளம் 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கும் மனுவில் இதையும் எழுதுங்கள்.

மூன்றாவது: இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்

பலர் கேட்காமலே விட்டுவிடுவது இதைத்தான். இ.எஸ்.ஐ. என்றால் மருந்து மாத்திரை மட்டுமே என்று நினைக்கிறோம். வேலை இழந்தவருக்கு அங்கே பணமும் உண்டு.

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா 2018-இல் தொடங்கியது. வாழ்நாளில் ஒரு முறை, 90 நாள் வரை, சராசரி தினச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். 15,000 ரூபாய் வாங்கியவருக்கு மொத்தம் ஏறத்தாழ 22,000 ரூபாய். குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். எத்தனை நாளுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். ஆதார், வங்கிப் புத்தகம், பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஆகியவற்றோடு போங்கள். முதலாளியின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம்; நேரடியாகவே கொடுக்கலாம். அவ்வப்போது காலம் நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், போகும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கு இது கிடையாது.

ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு செய்யப்பட்டாலோ ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவில் இரண்டு ஆண்டு வரை படி கிடைக்கும்: முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி, அடுத்த ஆண்டு கால் பங்கு. மருத்துவமும் தொடரும். மூடல் கடிதத்தை எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்காகவும்தான். ஒரே காலத்துக்கு இரண்டு திட்டத்திலும் வாங்க முடியாது. எது உங்களுக்கு நல்லது என்று அலுவலகத்திலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைத்தவர்களும் தொழிலாளர்கள்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களை இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை என்றால் அதையும் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பி.எஃப். பணம்

அவசரப்பட்டு முழுவதையும் எடுக்காதீர்கள். பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. அடுத்த கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணையே (பி.எஃப். கணக்கின் நிரந்தர எண்) கொடுங்கள்.

தர மறுத்தால்

மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். சமரசப் பேச்சு அங்கே நடக்கும். வழக்கு வரை போனால் வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மனுவை இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.