குளத்தில் எத்தனை மீன்? ஒரு பை மொச்சையில் கணக்கும் அறிவியலும்

ஒரு குளத்து மீன்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அப்படியானால் எத்தனை என்று எப்படிச் சொல்வது? இதைப் பலகையில் எழுதிவிட்டு ஐந்து நிமிடம் மாணவர்களைப் பேச விடுங்கள். சூத்திரத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் குறுக்குப் பெருக்கல்தான் மிஞ்சும்.

வழி இதுதான்: சில மீன்களைப் பிடித்துக் குறியிட்டுத் திரும்ப விட்டு, மறுபடி பிடிப்பதில் குறியுள்ளவை எத்தனை என்று பார்ப்பது. வகுப்பில் பைதான் குளம், மொச்சைதான் மீன். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு உள்ளே தெரியாத ஒரு துணிப்பை, 300 வெள்ளை மொச்சை, அழியாத மைப் பேனா போதும். 300 என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியட்டும். 40 மொச்சையில் இருபுறமும் புள்ளி வைத்து, மை காய்ந்ததும் பையில் போட்டுக் குலுக்க வேண்டும். பிறகு பார்க்காமல் 50 எடுத்து, புள்ளி உள்ளவற்றை எண்ண வேண்டும். எடுத்த 50-இல் புள்ளி உள்ளவற்றின் விகிதமே பை முழுவதிலும் இருக்கும் என்று கொள்கிறோம். ஆகவே 7 கிடைத்தால் மொத்தம் 40 × 50 ÷ 7, சுமார் 286. மையிடச் சோம்பல்பட்டு வேறு பயறைக் கலக்காதீர்கள். அளவு மாறினால் சிறியது அடியில் இறங்கிவிடும், விரலும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும்.

எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி ஐந்து முறை செய்யச் சொல்லுங்கள். 4, 6, 7, 7, 10 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஐந்து விடைகளின் சராசரி 321. ஐந்து முறையையும் ஒன்றாகச் சேர்த்தால் 40 × 250 ÷ 34, அதாவது 294. ஏன் வேறுபடுகிறது? 4 கிடைத்த ஒரு முறை விடையை 500-க்குத் தூக்கிவிட்டது. பின்னத்தின் கீழே சிறிய எண் வந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அறிவியல் இனிமேல்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன், விடை கூடுமா குறையுமா என்று காரணத்தோடு எழுதி வாங்குங்கள்.

குறி உதிர்ந்தால்: புள்ளி உள்ள 10-ஐ எடுத்துவிட்டுப் புள்ளியில்லாத 10 போடுங்கள். மாணவர்கள் 40 என்றே கணக்கிடுவதால் விடை 400-ஐ ஒட்டி வரும். வலையில் ஒருமுறை சிக்கிய மீன் அடுத்த முறை ஒதுங்கிப் போனாலும் இதே கதைதான்.

மீன் செத்தால்: பார்க்காமல் 60-ஐ எடுத்துவிடுங்கள். எல்லோரும் 240 வரும் என்பார்கள். வருவதோ 300-ஐ ஒட்டித்தான், ஏனென்றால் குறியுள்ளவையும் இல்லாதவையும் ஒரே விகிதத்தில் போயிருக்கின்றன. நமக்குக் கிடைப்பது குறியிட்ட நாளின் எண்ணிக்கை. புள்ளியில்லாத 60 புதிதாகச் சேர்ந்தால் நிலைமை தலைகீழ்: விடை இன்றைய 360-ஐக் காட்டும். இந்த இரண்டுக்கும் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குவது வீணல்ல.

புலிக்குக் குறியிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லலாம். ஒவ்வொன்றின் வரியும் தனி; தானியங்கிக் கேமராப் படமே 'பிடிப்பு'.

ஏதாவது ஒரு குழுவுக்குப் புள்ளியே கிடைக்காமல் போகலாம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று அங்கே நிறுத்தாமல், 80 மொச்சைக்குக் குறியிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.