ஒரே வீதி, பல அலுவலகங்கள்: பஸ் சேவை கேட்டு மகஜர் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வத்தளையில் காலையில் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்கு வருபவர், பேலியகொடையைத் தாண்டிக் களனி கங்கைப் பாலத்தைக் கடக்கையில் ஒரு மாவட்டத்தை விட்டு இன்னொரு மாவட்டத்துக்குள் நுழைகிறார். அவருக்கு அது ஒரே பயணம்தான். ஆனால் அந்தப் பயணத்தைச் சீராக்கும்படி ஊரவர் எழுதும் மகஜர்களோ பெரும்பாலும் தத்தம் சபையின் எல்லையோடு நின்றுவிடுகின்றன.

வீதிக்குப் பொறுப்பானவரே பஸ்ஸுக்கும் பொறுப்பானவர் என்று எண்ணுவதுதான் இவற்றில் அடிக்கடி காணப்படும் தவறு. வத்தளையூடாகச் செல்லும் ஏ3 வீதியைப் பராமரிப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதே வீதியில் ஓடும் நீர்கொழும்பு தனியார் பஸ் மேல் மாகாணத்துக்குள்ளேயே பயணத்தை முடித்துக்கொள்வதால் அதற்கு வழித்தட அனுமதி வழங்குவது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அதன் பின்னால் வரும் சிலாபம் பஸ் வடமேல் மாகாணத்துக்குள் செல்வதால் அது 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பில் வருகிறது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் வராவிட்டால் அதன் டிப்போவைத்தான் கேட்க வேண்டும். தரிப்பிடத்துக்கு நடந்து வரும் ஒழுங்கையும் அதன் வடிகாலும் உள்ளூராட்சிச் சபையின் வேலை. இவை அனைத்தையும் ஒரே கடிதத்தில் எழுதி நகர சபைத் தலைவரிடம் கொடுத்தால் அவர் அதைப் புன்னகையோடு வாங்கி வைத்துக்கொள்வார். அதற்கு மேல் அவரால் செய்யக்கூடியது அந்த ஒழுங்கையும் வடிகாலும் மட்டுமே. ஆகவே கோரிக்கைகளைப் பொறுப்பு வாரியாகப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றின் பிரதியையும் மற்ற அலுவலகங்களுக்கு அனுப்புவது நல்லது.

அயல் சபையைக் கலந்துகொள்ளாமல் தீர்மானம் நிறைவேற்றுவதும் இதே போன்ற தவறாகும். வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் வாகனம் நிறுத்துவதைக் கடுமையாகத் தடுத்து, தெஹிவளைப் பக்கம் அதைக் கவனிக்காமல் விட்டால், வாகனங்கள் குறையமாட்டா, எல்லைக்கு அப்பாலுள்ள ஒழுங்கைகளுக்கு இடம்பெயரும்.

பெரிய திட்டம் ஒன்று வரட்டும் என்று காத்திருப்பதால் ஏற்படும் இழப்பைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஜப்பானியக் கடனுதவியுடன் அமையவிருந்த இலகு ரயில் திட்டம், கடுவலை, கோட்டே, கொழும்பு ஆகிய மூன்று மாநகர சபைகளின் பகுதிகளை இணைத்திருக்கும். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அது சரியான முடிவா என்பது வேறு விவாதம். ஆனால் இ.போ.ச.வும் தனியார் பஸ்களும் ஒரே நேர அட்டவணையில் ஓடுவதற்கோ, ரயில் நிலைய வாசலில் பஸ் தரிப்பிடம் அமைவதற்கோ எந்த வெளிநாட்டுக் கடனும் தேவையில்லை. அவற்றை இன்றே கேட்கலாம்.

“பஸ் போதாது” என்று மட்டும் எழுதுவதும் பயன் தராது. ஒரு வாரம் காலை 6 மணி முதல் 8 மணி வரை தரிப்பிடத்தில் இருவர் நின்று, எந்த இலக்கப் பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிறைந்து நிற்காமல் போயின, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றனர் என்று குறித்தால் போதும். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்களிடமும் கேட்க வேண்டும். காலைக் கணக்கு மட்டும் அவர்களது சிரமத்தைக் காட்டாது.

காலமும் முக்கியம். உள்ளூராட்சிச் சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், வரவு செலவுத் திட்டம் தயாராகும் வேளையிலேயே கோரிக்கை அவர்களது மேசையில் இருக்க வேண்டும். கேள்விப்பத்திரம் கோரப்பட்ட பின்னர் வரைபடத்தைப் பார்த்து ஆட்சேபிப்பது பெரும்பாலும் வீண். திட்டத்தின் வரைபடத்தையும் ஆவணங்களையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே கோரலாம். கொழும்பு அலுவலகமாயினும் அந்த விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்.