அடமானப் பதிவோடும் வரி பாக்கியோடும் இருந்த வீட்டை விற்றது: என் அனுபவம்

முதலில் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று) எடுத்தேன். கடன் அடைந்தும் அடமானப் பதிவு அதில் நின்றது. வங்கி தரும் ‘பாக்கி இல்லை’ கடிதம் அதை நீக்காது; வங்கி அலுவலர் கையெழுத்திட்டு, கடன் தீர்ந்தது என்று சொல்லும் ரசீது ஆவணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியும் முன் அதிலுள்ள பழைய அடமான ஆவணத்தின் எண், ஆண்டு இரண்டையும் சரிபாருங்கள். பிசகினால் அடமானம் அப்படியே நிற்கும், வாங்குபவருக்குக் கடன் கிடைப்பதும் சிக்கலாகும்.

கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் தர வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கியின் 2023 உத்தரவு இது, தயங்காமல் கேளுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு. பாக்கியை வாங்குபவர் தந்த முன்பணத்திலிருந்தே கட்டி, கிரயத்துக்கு முன் வரி ரசீதை அவரிடம் கொடுத்தேன். சென்னையில் குடிநீர் வரிக்குத் தனிக் கணக்கு, அதையும் பாருங்கள்.