நுவரெலியாவுக்கு அருகே குதிரையுடன் தங்குவதற்குக் கூடாரவெளி தெரிவு செய்யும் முறை

நுவரெலியாவில் குதிரை புதிய விலங்கன்று. பந்தயத் திடலையும் கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளையும் அறியாதவர் இங்கு இல்லை. எனினும், நகரைச் சுற்றியுள்ள கூடாரவெளிகள் பெரும்பாலும் மனிதர் தங்குவதற்கென்றே அமைக்கப்பட்டவை. அவற்றைப் பற்றி விசாரித்தால் மூடுபனியையும் மலைக்காட்சியையும் பற்றிச் சொல்வார்களேயொழிய, ஒரு குதிரை இரவு முழுவதும் எங்கே நிற்கும் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் குதிரையில்லாமல் ஒரு முறை நேரில் சென்று, இயலுமானால் மழை பெய்த மறுநாளில், அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்த்துவிடுங்கள்.

முதலில் அனுமதியைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹோர்டன் சமவெளியும் நகரை ஒட்டியுள்ள கல்வேஸ் லேண்டும் தேசியப் பூங்காக்கள். வளர்ப்பு விலங்குகளுடன் அங்கே தங்கும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். கந்தப்பளை, நானுஓயா, அம்பேவளை, ஹக்கல பக்கங்களில் தனியார் காணிகளும் தேயிலைத் தோட்டங்களும் அடுத்தடுத்து இருப்பதால், கூடாரவெளி உரிமையாளரின் சம்மதம் அவருடைய வேலியோடு முடிந்துவிடும். வேலிக்கு அப்பால் தேயிலை மலைகளுக்கூடாகச் சவாரி செய்வதாயின் தோட்டத் துரையிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். எந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், எங்கே மருந்தடிக்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் கொழுந்துக் கூடையுடன் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வரும் பெண்களுக்கு எதிரே குதிரையைக் கொண்டு நிறுத்துவது அவர்களுக்குப் பெரும் ஆபத்து.

அடுத்தது பாதை. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏறும் வீதியில் கொண்டையூசி வளைவுகள் பல உண்டு. ஒவ்வொரு வளைவிலும் லொறிக்குள் நிற்கும் குதிரை நான்கு கால்களாலும் உடலைத் தாங்கிச் சமநிலை பிடிக்க வேண்டியிருப்பதால், வந்து சேரும்போது அது நாம் நினைப்பதை விடக் களைத்திருக்கும். பிரதான வீதியிலிருந்து கூடாரவெளிக்குச் செல்லும் கிளைப்பாதையில் லொறி நுழையுமா, நுழைந்தால் திரும்ப இடமுண்டா, வழியிலுள்ள மதகு பாரத்தைத் தாங்குமா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் வீதியோரத்தில் பாதுகாப்பான சமதரையில் இறக்கி, கடைசித் தூரத்தை நடத்திச் செல்வதே நல்லது.

நான் மிகுந்த நேரம் செலவிடச் சொல்வது நிலத்தைப் பார்ப்பதற்கே. குதிரை நிற்குமிடம் ஏறக்குறைய சமதரையாக, சிறிதளவு மட்டும் சரிந்து, நீர் வடியக்கூடியதாக இருக்க வேண்டும். சப்பாத்தின் குதியால் நிலத்தை அழுத்துங்கள். குழியில் நீர் ஊறினால் ஒரே இரவில் அந்த இடம் சேறாகிவிடும், தொடர்ந்து சேற்றில் நிற்கும் குளம்பு மென்மையாகி அழுகத் தொடங்கும். தேயிலை மலைகளை ஒட்டிய நிலமாயின் பழைய கான்களைத் தேடுங்கள். மழைநீர் வடிய வெட்டப்பட்ட அந்தக் கான்கள் கைவிடப்பட்ட பின் புல்லும் பன்னமும் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஒரு மாலை, மூடுபனி இறங்கிய வேளையில், பார்க்காமல் விட்ட ஒரு கானுக்குள் என் குதிரையின் பின்னங்கால் இறங்கிவிட்டது. எலும்பு தப்பியது, ஆனால் தோல் உரிந்த அந்தக் கால் ஆற இரண்டு மாதம் சென்றது. அன்றிலிருந்து ஒரு நீண்ட கம்பால் புல்லைக் குத்திப் பார்க்காமல் எந்த வெளியிலும் நான் குதிரையை அவிழ்த்துவிடுவதில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குகளும் தோட்ட எல்லைகளில் இருக்கக்கூடும். அவற்றை அங்கு வேலை செய்பவர்களிடம் கேட்டறிவதே வழி.

மேலே உள்ள சரிவையும் நிமிர்ந்து பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மண் மூடியதை மலையக மக்கள் எவரும் மறக்கமாட்டார்கள். நிலத்தில் புதிய வெடிப்புகள், சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனத் தோன்றிய அல்லது கலங்கி வரும் ஊற்று ஆகியவை தென்பட்டால் வேறு இடம் தேடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். இருளில் ஒரு குதிரையை லொறியில் ஏற்றி வெளியேறுவதற்கு, மனிதர் மட்டும் வெளியேறுவதை விடப் பல மடங்கு நேரம் எடுக்கும்.

ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 45 லீற்றர் வரை நீர் குடிக்கும். மலை ஊற்றிலிருந்து குழாய்வழி விழும் பீலித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள்; மேலே உருளைக்கிழங்கு, கோவா, கரட் தோட்டங்கள் இருந்தால் பூச்சிமருந்தும் உரமும் மழையோடு அதில் கலந்திருக்கும். சில குதிரைகள் புதிய நீரின் மணம் பிடிக்காமல் குடிக்க மறுக்கும் என்பதால், முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையே கொண்டு செல்லலாம். வாளியும் உங்களுடையதாகவே இருக்கட்டும், ஏனெனில் பொதுத் தொட்டியில் ஒரு குதிரையின் சளி மற்றொன்றுக்குத் தொற்றும்.

தீனியையும் கொண்டு செல்ல வேண்டும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல் தேவை. பழக்கமில்லாத பசும்புல்லை ஒரேயடியாக மேய விட்டால் கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது, ஆதலால் உட்சென்ற நஞ்சு திரும்பி வராது. வேலியோரத்தில் எக்காளம்போலத் தொங்கும் பூக்களையுடைய ஊமத்தை இனச் செடி, அலரி, உண்ணிச்செடி, வெண்ணெய்ப்பழ மரம் ஆகியவை எட்டும் தூரத்தில் இல்லாததை உறுதிசெய்யுங்கள்.

நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்மீது உறைபனி படியும். கொழும்பு வெப்பத்துக்குப் பழகிய, மயிர் மெல்லிய குதிரைக்கு, குளிரும் மழையும் காற்றும் சேர்ந்தால் தாங்காது. காற்றை மறிக்கும் மரவரிசையோ சுவரோ, குறைந்தது ஒரு பக்கத் தகரக் கொட்டகையோ இருக்கும் இடத்தையே தெரிவு செய்து, நனையாத போர்வையும் எடுத்துச் செல்லுங்கள்.

கட்டுவதற்கு இரண்டு முதிர்ந்த மரங்களுக்கிடையே இரண்டு மீற்றருக்கு மேல் உயரத்தில் இறுக்கிய கயிறே சிறந்தது. தலைக்கயிறு, குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னப் போதுமானதாகவும், கால் சிக்காத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். முட்கம்பி வேலியில் ஒருபோதும் கட்டாதீர்கள். சிறுத்தைகள் தேயிலைத் தோட்டங்களிலும் நடமாடுவதால், உங்கள் கூடாரத்திலிருந்து பார்க்கும், கேட்கும் தூரத்திலேயே குதிரை நிற்கட்டும்.

ஏப்ரல் வசந்த காலத்தில் நகரம் நிரம்பி வழியும். புத்தாண்டுப் பட்டாசு இரவு முழுவதும் வெடிக்கும். தோட்டக் கோவில் திருவிழா எப்போது என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். அது அவர்களின் திருநாள், நாம்தான் பயண நாளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, அங்கே கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று சோதித்து, அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியரின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் குதிரைக்கு மருத்துவம் செய்வாரா என்பதையும் கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீற்றர் மலைப்பாதைக்கு அப்பால் இருக்கிறது. வயிற்றுவலியால் புரளும் குதிரைக்கு அது நீண்ட தூரம். புறப்படும் முன் சாணத்தை அள்ளி உரப்பைகளில் கட்டி, ஓடையிலிருந்து விலக்கி வையுங்கள். பக்கத்து மரக்கறித் தோட்டக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் அவரே வந்து எடுத்துச் செல்வார்.