முழு வான்கோழி வேண்டாம், விரித்துச் சுட்ட இரண்டு கோழி போதும்

நவம்பர் மாத நான்காவது வியாழன் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங், அதாவது நன்றி சொல்லும் விருந்து நாள். விடுமுறைக்குத்தான் 1941-ல் சட்டம் போட்டார்களே தவிர, மேசை நடுவில் முழு வான்கோழி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றாலே 14 பவுண்டு பறவையை வாங்கி வந்துவிட்டு முழிப்பவர்கள் நிறைய. ஃப்ரிட்ஜில் அதன் ஐஸ் விடவே மூன்று நாள் போய்விடும். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வேக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஓவனில் வேறு எதையும் வைக்க முடியாது. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சுக்கறி உள்ளே 165 டிகிரி சூடானதுமே பதமாகிவிடும். தொடையோ 175-ஐத் தாண்டினால்தான் மெத்தென்று ஆகும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும்.

முதன்முறை சமைப்பவர்களுக்கு நான் சொல்வது, நாலு நாலு பவுண்டில் இரண்டு கோழி. முதுகெலும்பை எடுத்துவிட்டு, தட்டையாக விரித்துச் சுடுவது. இதை ஸ்பேட்ச்காக் என்பார்கள். விரித்து வைத்தால் தொடைக்குச் சூடு நன்றாகப் படும், அதனால் நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய ஒன்றாக வெந்துவிடும்.

தேவையானவை: தோலுடன் கோழி 2, தூள் உப்பு 4 டீஸ்பூன், மிளகுத்தூள் 2 டீஸ்பூன், வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், பூண்டு 6 பல், தைம் இலை கொஞ்சம், கிரேவிக்கு மைதா 2 டேபிள்ஸ்பூன். கிச்சன் கத்தரிக்கோலும் இறைச்சித் தெர்மாமீட்டரும் கட்டாயம் வேண்டும்.

புதன் மாலை: வெட்டி உப்புத் தடவுதல்

மஞ்சள் போட்டுக் கழுவாமல் கோழியைத் தொடாதவர்கள் நாம். இதற்குக் கழுவ வேண்டாம். தெறிக்கும் தண்ணீரில் கிருமி பரவும் என்று அமெரிக்க வேளாண் துறையும் அதைத்தான் சொல்கிறது. ஈரத்தோல் மொறுமொறுப்பாகவும் ஆகாது. வயிற்றுக்குள் சின்னப் பையில் ஈரல், கழுத்து இருந்தால் எடுத்துவிட்டு, பேப்பர் டவலால் ஒற்றுங்கள்.

கோழியைக் குப்புறப் போட்டு, வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் ஒரு ஓரமாகக் கழுத்து வரை வெட்டுங்கள். விலா எலும்புகள் நறுக் நறுக்கென்று சுலபமாக வெட்டுப்படும். தொடை மூட்டு அருகே கத்தரிக்கோல் முரண்டு பிடித்தால் மல்லுக்கட்டாமல், முதுகெலும்பை ஒட்டிச் சற்று நகர்த்தி வெட்டுங்கள். மறு ஓரமும் அப்படியே. இப்போது கோழியைத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஓங்கி அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், கோழி தட்டையாகிவிடும். இறக்கை நுனிகளை நெஞ்சுக்குப் பின்னால் மடக்கிவிடுங்கள்.

ஒரு கோழிக்கு 2 டீஸ்பூன் உப்பு, 1 டீஸ்பூன் மிளகு என்று இரு பக்கமும் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உப்புக் கரைசல் ஏற்றிய கோழி என்று லேபிளில் போட்டிருந்தால் உப்பு பாதி போதும். எடுத்த முதுகெலும்பையும் கழுத்தையும் வெங்காயத்துடன் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தால் கிரேவிக்கான சாறு தயார்.

வியாழன்: சுடுதல்

ஓவன் 425 டிகிரிக்குச் சூடாகட்டும். வெண்ணெயில் நசுக்கிய பூண்டையும் தைமையும் பிசைந்து, நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். கோழிக்கு ஒரு ட்ரே, தோல் மேலே பார்க்கட்டும். 25 நிமிடம் கழித்து இரண்டு ட்ரேயையும் மேல் கீழாக மாற்றுங்கள். மொத்தம் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை விடத் தெர்மாமீட்டரை நம்புங்கள்: எலும்பில் படாமல் குத்தினால் நெஞ்சு 165, தொடை 175 காட்ட வேண்டும்.

வெளியே எடுத்து 15 நிமிடம் தொடாதீர்கள். அந்த நேரத்தில் ட்ரேயில் வடிந்த கொழுப்பில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து, மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, 2 கப் சாறு ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறினால் கிரேவி. உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், வடிந்ததிலேயே நிறைய இருக்கும்.

வான்கோழிதான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் எலும்புடன் நெஞ்சுப் பகுதி மட்டும் தனியாகக் கிடைக்கும். 5 பவுண்டு என்றால் 350 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்குள் வேகும். இரண்டு பேர்தான் என்றால் ஆளுக்கு ஒரு கார்னிஷ் ஹென் என்ற சின்னக் கோழி. வாத்தைப் பழகிய பிறகு பார்க்கலாம். அதில் கொழுப்பு வடிந்துகொண்டே இருக்கும்.

ஸ்டஃபிங்கை (பறவையின் வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை) தனிப் பாத்திரத்தில் காய்கறிச் சாறு விட்டுச் செய்யுங்கள், சைவம் சாப்பிடுபவர்களும் எடுத்துக்கொள்வார்கள். மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அதைப் பிய்த்துப் போட்டுக் கொத்து பரோட்டா செய்யலாம்.