மலைப் பள்ளிக்கு மரக்கட்டடம்: கோலாலம்பூரிலிருந்து வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரன் மலையிலோ சபாவின் குண்டசாங்கிலோ ஒரு கிராமத்துக்குச் சின்னப் பள்ளி வேண்டும், அதுவும் மரத்தில். கட்டடக்கலை மாணவர்களும் தொண்டு செய்ய வருகிறவர்களும் கோலாலம்பூரில் உட்கார்ந்து வரையும் இத்தகைய படங்களில் ஒரே மாதிரித் தவறுகள் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரை மறந்ததால் வருபவை.

மரத்தில் கட்டினாலே இயற்கைக்கு நல்லது என்று நினைப்பதிலிருந்து தொடங்குகிறது சிக்கல். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், உண்மைதான். ஆனால் பத்து வருடத்தில் தூண் மக்கினால் அந்தக் கார்பன் காற்றுக்கே திரும்பும். மாற்றுத் தூணுக்கு இன்னொரு மரமும் சாயும். அதனால் யாராவது படத்தைக் காட்டினால் நான் கூரையின் அழகைப் பார்ப்பதில்லை, தூணின் அடியைத்தான் பார்ப்பேன்.

அங்கே தூணை நேராக சிமென்ட்டுக்குள் புதைத்திருப்பார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். மரம் பக்கங்களைவிட அறுத்த முனையில்தான் வேகமாக நீரை இழுக்கும். அந்த முனை போய் உட்காருவது மழைநீர் வடியாத குழிக்குள். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். பழைய மலாய் வீடுகளில் தூண் கல்லின் மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அதையே தரையிலிருந்து ஓரடி உயர்ந்த கான்கிரீட் பீடமாகவும், அதன்மேல் துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தாங்கியாகவும் செய்யலாம். நடுவில் காற்றுப் போக இடைவெளி வேண்டும். கரையான் அதைத் தாண்ட மண்குழாய் கட்டியாக வேண்டும். கட்டினால் கண்ணில் பட்டுவிடும். ஆனால் சும்மா மேலே தூக்கி வைத்தால் போதாது. 2015 ஜூனில் குண்டசாங் இருக்கும் ரானாவ் பகுதியை 6.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. போல்ட்டும் குறுக்குச் சட்டங்களும் அவசியம்.

சரி, மக்காத மரமாகப் போடலாமே என்று எல்லா இடத்துக்கும் செங்கால் (chengal) என்ற வன்மரத்தை எழுதுவது அடுத்த தவறு. நல்ல மரம்தான், ஆனால் மெதுவாக வளர்வது, விலை அதிகம், ஒரு கன மீட்டரே 900 கிலோவைத் தாண்டும். மழை படும் இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, உள்ளே மருந்தூட்டிய மெராந்தி என்ற லேசான மரத்தைப் போடலாம். எதுவானாலும் மலேசிய மரச் சான்றளிப்புத் திட்டத்தின் சான்று உள்ள மரமா என்று கேட்டு வாங்குங்கள்.

மரத்தை மக்காமல் காக்க ஊட்டும் மருந்திலும் கவனம் வேண்டும். போரான் மழையில் கரைந்து போகும், உள்ளுக்குத்தான் ஆகும். ஆர்சனிக் கலந்த மருந்தைப் பிள்ளைகள் கைபடும் கைப்பிடிக்கோ பெஞ்சுக்கோ போடவே கூடாது. வெட்டி எறிந்த துண்டுகள் கிராமத்து அடுப்புக்குப் போய்விடாமலும் பார்க்க வேண்டும். சாம்பலில் விஷம் அப்படியே இருக்கும்.

கோலாலம்பூர் வெக்கையில் வாழும் நாம் நாலு பக்கமும் திறந்த சுவரை வரைந்துவிடுகிறோம். கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம்; இங்கிருப்பதைவிட ஒன்பது டிகிரி அளவுக்குக் குளிரும். திறந்த சுவர் வழியாகப் பனிமூட்டம் வகுப்புக்குள் வரும். மூடக்கூடிய சன்னல் போதும். இரவில் ஜிங்க் கூரை குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். மழை பெய்தால் ஆசிரியர் கத்தினாலும் கடைசி வரிசைக்குக் கேட்காது. கூரைக்கடியில் காப்புப் பஞ்சும் அதன்கீழ் பலகை மச்சும் கொடுத்தால் இரண்டுமே அடங்கும். செலவைக் குறைக்கும்போது முதலில் இதைத்தான் வெட்டுகிறார்கள், அநியாயம்.

பச்சை மரத்தைக் காயவிடாமல் பூட்டினால் அது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அல்ல. பலகைகளுக்கு நடுவே சந்து விழும், போல்ட்டு தளரும். ஒரு வருடம் கழித்து முறுக்க, ஸ்பானர் நுழையும் இடத்தில் போல்ட்டு இருக்கட்டும்.

தீயைப் பற்றிப் பயப்படுவோர் அதிகம். தடித்த உத்திரம் வெளிப்பக்கம் கரியாகி உள்ளே மெதுவாகத்தான் எரியும். ஆபத்து மெல்லிய பலகையில். பொம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) படத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

லோரி மலை வளைவில் திரும்புமா என்று பார்த்துவிட்டு உத்திரத்தின் நீளத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம் கூரை ஓரத்து மழைநீர்க் குழாய். மலையில் இலை விழுந்து அடைத்துக்கொள்ளும், நீர் வழிந்து சுவருக்குள் இறங்கும், ஏணி போட்டுத் துடைக்கப் பள்ளியில் ஆள் இருக்காது. கூரையை ஒரு மீட்டர் வெளியே நீட்டி, நீர் விழும் இடத்தில் சல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டிவிட்டால் அந்தக் குழாயே வேண்டாம்.