போஸ் ஸ்பீக்கர்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலி ஆர்வலர்கள் கூடும் இடத்தில் அமெரிக்க ஒலிக்கருவி நிறுவனமான போஸின் பெயர் எழுந்தால் ஒரு பழைய கிண்டல் தவறாமல் வந்துவிடும்: ‘நோ ஹைஸ், நோ லோஸ், மஸ்ட் பி போஸ்’. உச்ச ஒலியும் இல்லை, அடி ஒலியும் இல்லை என்றால் அது போஸாகத்தான் இருக்கும் என்பது அதன் பொருள். அதே பெயரை ஆர்வலர் அல்லாத ஒருவரிடம் சொன்னால், சந்தையில் உள்ளவற்றில் அதுதான் உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வார். ஒரே நிறுவனத்துக்கு இப்படி எதிரெதிரான இரண்டு மதிப்புகள் வாய்த்ததற்கு அதன் ஓயாத விளம்பரம் ஒரு காரணம்தான். ஆனால் அந்த ஸ்பீக்கர்களை எடைபோடும் முறையில் இரு தரப்பாரும் செய்யும் தவறுகள் அதைவிடப் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது அவற்றுள் மூத்த தவறு. வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஒரு விடுதலைப் போராளியின் மகனான அமர் போஸ், எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே 1964இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1968இல் வந்த 901 ஸ்பீக்கர், 1987இல் வந்த அக்கூஸ்டிமாஸ் சிறு ஸ்பீக்கர் தொகுப்பு, 2000இல் வந்த குவையட்கம்ஃபர்ட் ஹெட்போன் ஆகிய மூன்றும் முற்றிலும் வேறுபட்ட கருவிகள். ஒன்றின் குறை மற்றொன்றில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களில் இந்நிறுவனம் முன்னோடி என்பதைக் கிண்டல் செய்பவர்களும் மறுப்பதில்லை. ஆகவே ‘போஸ் நல்லதா?’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது. எந்த மாடல், எந்த அறையில், எந்த விலைக்கு, எதனுடன் ஒப்பிட்டு என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

அடுத்தது, ஒரு கருத்தின் அழகில் மயங்கிக் காதை மறப்பது. 901 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இசையரங்கில் அமர்ந்திருப்பவரின் காதை எட்டும் ஒலியில் பெரும்பகுதி மேடையிலிருந்து நேராக வருவதில்லை, சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியே வருகிறது என்று அமர் போஸ் வாதிட்டார். அதன்படி 901இல் சுமார் 4 அங்குல அளவுள்ள ஒன்பது ஒலியலகுகள் வைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று மட்டும் கேட்பவரை நோக்கியிருக்க, எட்டு பின்சுவரை நோக்கியிருந்தன. உச்ச ஒலிக்கென்று தனி ட்வீட்டரும் இல்லை, அடி ஒலிக்கென்று தனி வூஃபரும் இல்லை; சிறிய அலகுகளால் எளிதில் தர முடியாத உச்ச ஒலியையும் அடி ஒலியையும் தனியாக வந்த ஈக்வலைசர் பெட்டி உயர்த்திக் கொடுத்தது. கருத்து கவர்ச்சியானது, அரங்கைப் பற்றிய அவதானிப்பிலும் உண்மை உண்டு. ஆனால் இசையரங்கின் எதிரொலி ஒலிப்பதிவிலேயே ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதன்மேல் வரவேற்பறையின் எதிரொலியை ஏற்றினால் அது அரங்கு ஆகிவிடாது. ஓர் அடி பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலி, நேரொலிக்குப் பின் இரண்டு மில்லிநொடிக்குள் வந்து அதனுடன் கலந்துவிடுகிறது. விரிந்து பரவும் ஒலியை விரும்புபவருக்கு இது இன்பமே. பாடகர் நடுவில், வயலின் ஒருபக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்க வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. இவ்விரண்டும் ரசனை வேறுபாடுகள். ஒன்றைத் தரமின்மை என்று பெயரிட்டு அழைப்பதற்கில்லை.

இந்த 901ஐ வைத்து ஆர்வலர்கள் அடிக்கடி தவறாகச் சொல்லும் ஒரு செய்தியும் உண்டு. 1970இல், பொருள்களைச் சோதித்து நுகர்வோருக்காக எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க இதழ் இதன் மதிப்புரையில், தனித்தனி இசைக்கருவிகளின் ஒலி அறையெங்கும் அலைவதாகத் தோன்றியது என்று எழுதியது. ஒலி அசைந்தது இரு ஸ்பீக்கர்களுக்கும் இடைப்பட்ட சுவரையொட்டித்தான், அறையெங்கும் அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். அது இதழின்மீது தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1984இல் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. இதை வைத்து ‘901 மோசம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று பேசுவோர் இன்றும் உள்ளனர். நீதிமன்றம் ஒலியின் தரத்தைத் தொடவே இல்லை. அந்தச் சொற்றொடர் உண்மைக்கு மாறானது என்று விசாரணை நீதிமன்றம் கண்டிருந்த போதிலும், பொய்யென்று அறிந்தே எழுதியதற்கான சான்று போதாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். வேடிக்கை என்னவென்றால், அந்த மதிப்புரையே வாசகரை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் கேட்டுப் பார்க்கவும், புதுமை தேய்ந்த பிறகும் பிடிக்கும் என்று உறுதியாகும் வரை பொறுத்திருக்கவுமே சொன்னது.

அந்த ஆலோசனையைக் கடையில் பின்பற்றுவது கடினம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று அரை டெசிபலோ (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) ஒரு டெசிபலோ கூடுதலாக ஒலித்தால், நம் காது அதைச் சத்தம் அதிகம் என்று உணராமல் தெளிவு அதிகம் என்று உணர்ந்துவிடும். ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. கடைக்காரர் தேர்ந்தெடுத்த பாடலும் அப்படித்தான். எந்தக் கருவிக்கு எது எடுபடும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துச் செல்லுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி வெறும் ‘தும்’ என்று மொத்தமாக விழுகிறதா, சுருதியோடு விழுகிறதா என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சிறிய பெட்டியைப் பற்றி இரு தரப்பாருக்கும் மயக்கம் உண்டு. அக்கூஸ்டிமாஸ் வரிசை கையளவுக் கனசதுரங்களையும், அடி ஒலிக்காக மறைவாக வைக்கத்தக்க ஒரு பேஸ் பெட்டியையும் கொண்டது. இயற்பியல் இங்கே கறாரானது: அதே அளவு சத்தத்தை ஓர் ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், தர வேண்டுமானால், ஒலிக்கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கையளவு பெட்டிக்குள் இருக்கும் சிறு கூம்பால் அது முடியாது. எனவே வேலையைப் பேஸ் பெட்டியிடம் வழக்கத்தைவிட உயர்ந்த அதிர்வெண்ணிலேயே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது; அதற்கு மேலே போகப் போகச் சொல்லிவிடும். ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருப்பதால், பாடகரின் குரலில் ஒரு பகுதி சுவரிலிருந்தும் மற்றொரு பகுதி சோபாவுக்குப் பின்னாலிருந்தும் வரக்கூடும். அதே விலைக்கு இதைவிடச் செம்மையான ஒலி தரும் பெரிய பெட்டிகள் கிடைக்கும் என்று ஆர்வலர்கள் சொல்வது சரியே. அந்தப் பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லாத வீட்டில் அந்தச் சரிக்கு என்ன மதிப்பு என்பதை அவர்கள் கேட்பதில்லை. வாங்குபவர் இங்கே பணம் கொடுப்பது பெரும்பாலும் ஒலிக்கு அல்ல, ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கூடத்துக்கு. அதைத் தெரிந்தே கொடுத்தால் ஏமாற்றம் இல்லை.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போஸ் விரிவான அளவீடுகளை வெளியிடாமலே விற்றுவந்த நிறுவனம். சந்தேகம் எழ அது நியாயமான காரணம்தான், குறை நிரூபணமானதாக ஆகாது. மறுபுறம், எண் அச்சிட்டிருப்பதாலேயே நம்பிவிடுவதும் கூடாது. ஆயிரக்கணக்கான வாட் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) என்று ஸ்டிக்கர் ஒட்டி நம் ஊர்க் கடைகளில் விற்ற பெட்டிகளை நினைத்தால் போதும். ‘40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்ற வரியும், எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாவிட்டால் வெறும் அலங்காரமே. எல்லாத் திசைகளிலும் 70 அளவீடுகள் எடுத்து வரையப்படும் ‘ஸ்பினோரமா’ வரைபடம், நீங்கள் பார்க்கும் மாடலுக்குக் கிடைத்தால் அதைப் பாருங்கள்.

கண்ணால் கேட்பது ஆர்வலர்களே ஒப்புக்கொள்ள மறுக்கும் தவறு. ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் வெளிப்படையாக வைத்தும் கேட்டு மதிப்பெண் போட்டனர். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய மலிவான அமைப்பின் மதிப்பெண் இறங்கியது. பெட்டியின் தோற்றத்தைப் பார்த்ததுமே சிரிக்கும் ஆர்வலரும், முத்திரையைப் பார்த்ததுமே வியக்கும் வாடிக்கையாளரும் இந்த ஆய்வில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள்.

பழைய 901ஐ இரண்டாம் கையாக வாங்க நினைப்பவருக்கு மட்டும் கடைசியாக ஒன்று. ஈக்வலைசர் இல்லாமல் அதை வாங்காதீர்கள். ஈக்வலைசர் இல்லாத 901 உச்சமும் அடியும் இல்லாத வெறும் நடு ஒலிதான், கிண்டலில் வரும் போஸ் அதுவே. 901 பல சீரிஸ்களாக வந்தது; முதல் இரண்டு சீரிஸ்களின் ஈக்வலைசர் அடுத்து வந்தவற்றுக்குப் பொருந்தாது என்பதால், சீரிஸ் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சீரிஸிலிருந்து கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடியாக உதிரும். ஒன்பது அலகுக்கும் வளையம் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடி ஒலியை 10 டெசிபல் உயர்த்த ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறன் தர வேண்டும், ஆகவே சிறிய ஆம்ப்ளிஃபயர் உதவாது. வீட்டுக்கு வந்ததும் அலமாரிக்குள் திணிக்காமல், பின்சுவரிலிருந்து ஓர் அடியோ சற்றுக் கூடுதலாகவோ தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள்.